சத்திரத்து ஊரும் வீட்டு ஊரும்: கும்பகோணமும் யாழ்ப்பாணமும் வந்தவரை ஏற்கும் விதம்

பருத்தித்துறையில் தெருமூடிமடம் என்று ஒரு பழைய கற்கட்டடம் இருக்கிறது. தெருவுக்கு மேலேயே கூரை போட்டுக் கட்டியது. நடுவில் வண்டி போகலாம். இரு பக்கமும் உள்ள உயர்ந்த திண்ணைகளில் வழிநடைக்காரர் சுமை இறக்கிக் களைப்பாறலாம், இருட்டிவிட்டால் படுத்துக்கொள்ளலாம். கடலுக்கு இந்தப் பக்கம், தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்குச் சோறும் தங்க இடமும் தந்தது. பள்ளிக்கூடமும் வைத்தியமும்கூட அங்கே நடந்தன. முன்னது ஊருக்குள் எழுந்த தாழ்வான ஒரு நிழல். பின்னது அரசன் மானியம் விட்டு, கணக்கு எழுத ஆள் வைத்து நடத்திய பெரிய நிறுவனம்.

ஊருக்கு வந்தவரை எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்விக்குக் காவிரிக் கரையும் யாழ்ப்பாணக் குடாநாடும் கண்ட விடைகள் அன்றைக்கே இப்படிப் பிரிந்துவிட்டன. கும்பகோணத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்தடுத்துப் போய் வருகிறவருக்கு அந்தப் பிரிவு இன்றும் அப்படியே தெரியும். கும்பகோணம் வந்தவரைக் கடையிலும் கோயிலிலும் பேருந்திலும் ஏற்கிறது. யாழ்ப்பாணம் வீட்டில் ஏற்கிறது. உறவு இல்லாமல், சிபாரிசு இல்லாமல், கையில் கொஞ்சம் காசோடு வந்து இறங்கும் மனிதருக்கு எது நல்லது என்பதுதான் என் அக்கறை.

இரண்டும் சிறிய நகரங்கள். 2011 கணக்கெடுப்பில் கும்பகோணத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 1,40,000; மாநகராட்சியானது 2021இல். யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் 2012இல் இருந்தவர்கள் சுமார் 88,000 பேர். பழைய உறவும் உண்டு. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கும்பகோணத்தில் வாழ்ந்த காலத்தில்தான், அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையருக்குப் பழக்கமானார். சுவடியிலிருந்து பழந்தமிழ் நூல்களை மீட்ட இருவர் ஒரே ஊரில் இருந்தார்கள். இசையில் இந்தப் போக்குவரத்து இன்னும் நீண்டது. தஞ்சாவூர்ச் சீமையின் நாகசுர வித்துவான்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குக் கப்பலேறிப் போனார்கள். அங்கிருந்து வந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலுக்காகத் தமிழ்நாட்டில் கூட்டம் விடிய விடியக் காத்திருந்தது.

கும்பகோணத்தில் விடியற்காலையில் இறங்குகிறவர் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றியும் ரயிலடியிலும் கோயில் சன்னதிகளிலும் இருட்டோடு காபிக் கடை திறந்துவிடும். பித்தளை டவரா டம்ளரில் டிகிரி காபி வரும். தண்ணீர் கலக்காத பசும்பால், அப்போதே இறங்கிய டிகாக்‌ஷன், மேலே நுரை. கும்பேசுவரர் கோயிலையொட்டிய மங்களாம்பிகா போன்ற பழைய கடைகளில் உள்ளூர்க்காரருக்கும் ஆந்திராவிலிருந்து வந்த யாத்திரிகருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே வேகம். “என்ன சார் வேணும்?” என்பதற்கு மேல் கேள்வி கிடையாது. இட்லி, பொங்கல், ரவா தோசை. சில கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடப்பா கிடைக்கும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்டு, பட்டை சோம்பு மணக்கச் செய்யும் இதை இட்லிக்கு ஊற்றித் தருவார்கள். டெல்டாவைத் தாண்டிவிட்டால் இது கிடைப்பது அரிது. சாம்பாரை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் கும்பகோணத்தில் சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது.

காசு குறைந்தவருக்குக் கோயிலே சோறு போடும். தமிழகக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002இல் அரசு ஏற்பாடாக வந்தது. நண்பகலில் வரிசையில் நின்றால் இலை கிடைக்கும். ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் போனால் உப்பில்லாத நைவேத்தியத்தைக் கையில் வாங்கி உண்ணலாம். உப்பு இல்லையே என்று அங்கே யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

சுற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். தாராசுரத்துக்கு டவுன் பஸ். இரண்டாம் இராசராசன் எடுத்த ஐராவதேசுவரர் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதற்கு முன்பும் பின்பும் உள்ளூர் மாணவர்கள் அதன் புல்வெளியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறை வாசலில் நின்றால் உள்ளே கூப்பிடுவார்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் பஞ்சலோகத்தை ஊற்றும் வேலையைக் கண்ணெதிரே பார்க்கலாம். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டுத் தறி. சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த சிறிய ஓட்டு வீட்டை ஒரு பல்கலைக்கழகம் காப்பாற்றி வைத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகம் நவக்கிரகக் கோயில்களுக்கு ஒருநாள் சிறப்புப் பேருந்து விட்டது; 750 ரூபாய்க் கட்டணத்தில் திங்களூர் தொடங்கித் திருநள்ளாறு வரை ஒன்பது ஊர்களையும் காட்டிவிட்டு இரவில் கொண்டுவந்து விடும். தனியாக வரும் வயதான அம்மா ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு என்ன வேண்டும்? இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் சத்திரம் நடத்திய மண்ணின் பழக்கம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வந்தவர் யார் என்று கேட்காமல் அவருக்கு என்ன தேவை என்று யோசிக்கும் பழக்கம் அது.

ஆனால் கும்பகோணத்தில் ஒரு வாரம் தங்கினாலும் யாருடைய வீட்டுக்குள்ளும் போக மாட்டீர்கள். காவிரிக் கரைக் கிராமங்களின் விரால் மீன் குழம்பு, சுண்டைக்காய் வத்தக் குழம்பு, மோர்க்களி எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். பட்டியலில் உள்ளதை மட்டும் தின்றுவிட்டு வருவீர்கள். அந்தப் பட்டியலில் பாதி சென்னையிலும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் முதல் கேள்வியே வேறு. “தம்பி எவடம்? ஆற்றை பிள்ளை?” எந்த இடம், யாருடைய பிள்ளை என்று தேத்தண்ணீர்க் கடையிலும் கேட்பார்கள், பேருந்தில் பக்கத்தில் இருப்பவரும் கேட்பார். இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறவருக்கு அன்று இரவுச் சாப்பாடு உறுதி. இன்னாருக்குத் தெரிந்தவர் என்றால் போதும். வீட்டுக்கார அம்மா பிட்டு அவிப்பார். தேங்காய்ப்பூவும் மாவும் அடுக்கடுக்காய், ஆவி பறக்க, கூடவே சொதி, மீன்குழம்பு, பொரித்த கத்தரிக்காய். காலையில் இடியப்பமும் சம்பலும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடித்த கோப்பி. “இன்னும் கொஞ்சம் போடுங்கோ” என்று தட்டில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த உபசாரத்துக்கு ஈடாகக் கும்பகோணத்தில் எந்த மெஸ்ஸும் எதையும் தர முடியாது.

ஒடியற்கூழ் இந்த வீட்டு முறையின் உச்சம். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பு நீரை வடித்துக் கழுவ வேண்டும். முற்றத்தில் பெரிய பானை ஏற்றி, நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் கொதித்து வந்தபின் மாவைக் கரைத்து விட்டு, செத்தல் மிளகாய்க் கூட்டையும் புளியையும் சேர்ப்பார்கள். பிலாவிலையைக் கோலிக் குடிப்பதுதான் முறை. ஐந்து பேருக்குக் கூழ் காய்ச்சுவதில்லை. ஒருவர் நண்டு உடைக்க, ஒருவர் பயற்றங்காய் முறிக்க, பிள்ளைகள் இலை பொறுக்க, அக்கம்பக்கத்தார் கிண்ணத்தோடு வர, ஒரு மாலைப்பொழுது முழுக்க நடக்கிற காரியம் அது. சுற்றுலா விடுதிகள் சிலவற்றில் இப்போது கிண்ணத்தில் கூழ் கிடைக்கிறது, உறைப்பைக் குறைத்து. ருசி பழுதில்லை. ஆனால் பானையைச் சுற்றி ஆள் இல்லாமல் குடிக்கும் கூழுக்கும் முற்றத்துக் கூழுக்கும் உள்ள தூரத்தைக் குடித்தவர் அறிவார்.

வெளியூர்க்காரர் அறியாத இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு மிகுதியானவர்கள் வருவது நல்லூர்த் திருவிழாக் காலத்தில்தான். அந்த 25 நாளும் நிறைய வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைப்பதில்லை. சட்டி பானைகளைக்கூட மாற்றிவிடும் வீடுகள் உண்டு. நண்டுக் கறியும் கூழும் அப்போது பெரும்பாலும் அடங்கிவிடும். நல்லூருக்காக வருகிறவர் கூழை இழப்பார். கூழுக்காக வருகிறவர் வேறு மாதம் வர வேண்டும். இதைச் சொல்லித்தர அவருக்கு அங்கே ஒரு அத்தை வேண்டும்.

அத்தை இல்லாதவருக்கு? நகரத்தில் மலாயன் கபே மாதிரிப் பழைய சைவக் கடைகள் உண்டு. மஞ்சளும் வெந்தயமும் சேர்ந்த யாழ்ப்பாணத்துத் தோசை, சம்பல், உழுந்து வடை, மத்தியானம் வாழையிலையில் சோறு. நல்லூரடியில் ரியோ ஐஸ்கிரீம் கடைக்குப் போகாமல் எந்தப் பிள்ளையும் வீடு திரும்புவதில்லை. இரவில் கொத்து ரொட்டித் தட்டும் சத்தம் தெரு முனைவரை கேட்கும். இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யாழ்ப்பாணம் எதற்குப் பேர்போனதோ அந்தச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் இந்தக் கடைகளுக்கு வெளியே இருக்கிறது. இராசவள்ளிக்கிழங்குக் கஞ்சியும் பனங்காய்ப் பணியாரமும் பனாட்டும் தேடி அலைந்தால்தான் அகப்படும்.

இந்த இடைவெளியில் நம்பிக்கை தருவது அம்மாச்சி உணவகம். வடமாகாணத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே நடத்துவது. தெற்கில் ‘ஹெல போஜுன்’ என்ற பேரில் நடப்பதன் தமிழ் வடிவம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள கடையில் பெண்கள் நம் கண்முன்னே தோசை சுடுகிறார்கள், பிட்டு அவிக்கிறார்கள், குரக்கனில் பலகாரம் செய்கிறார்கள், இலைக்கஞ்சி ஊற்றித் தருகிறார்கள். விலை எல்லாருக்கும் கட்டும். வீட்டுச் சமையல் தெருவுக்கு வந்த முதல் நல்ல வழி இது என்று சொல்வேன். போரில் உழைக்கும் ஆணை இழந்த குடும்பங்கள் ஏராளமாக உள்ள மாகாணத்தில், சமைக்கும் கைக்கே காசு போய்ச் சேர்வதற்குத் தனி மதிப்பு உண்டு.

யாழ்ப்பாணத்தில் விருந்தோம்பல் தொழில் வளராததற்குக் காரணம் மனம் இல்லாமை அல்ல. கும்பகோணத்துக்கு யாத்திரிகர் வரத்து வருடக்கணக்கில் நின்றதில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போரால் ஏறத்தாழ ஒரு தலைமுறை ஆளே வரவில்லை. 1981இல் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் போயின. இராமேசுவரம் - தலைமன்னார்க் கப்பல் 1980களின் நடுவில் நின்றது. யாழ்தேவி ரயில் 1990இல் நின்று, மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 அக்டோபரில். இடையில் 1995 அக்டோபர் இறுதியில், வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். அங்கே வீடுகள் திறந்தன. ஒரு வீட்டில் எட்டுக் குடும்பம், பத்துக் குடும்பம். உலையில் போட்ட அரிசி போதாதபோது கஞ்சியாக்கினார்கள். உபசாரம் அந்த மண்ணில் எப்படிப்பட்டது என்று அறிய அந்த ஒரு இரவு போதும். இத்தனை பேரைத் திண்ணையில் ஏற்றிக்கொள்ளத் தெரிந்த மண்ணுக்கு, பெயர் தெரியாத ஒரு பயணிக்கு மதியச் சாப்பாடு எங்கே என்று பலகை எழுதி மாட்டும் பழக்கம் வர வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஒரு கசப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. “ஆற்றை பிள்ளை?” என்ற கேள்வியில் அன்பு மட்டும் இருந்ததில்லை. சாதி அறியும் கேள்வியும் அதுவே. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனிக் குவளையும் போத்தலும் இருந்த காலம் உண்டு. அதை மாற்றப் போராடினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைவுப் போராட்டம் நடந்தது. இந்தப் பக்கமும் தஞ்சாவூர்ச் சத்திரங்களில் பந்தி ஒன்றாக இருக்கவில்லை. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. கடைப் பெஞ்சில் யாரும் எவரும் அருகருகே உட்காரும் இன்றைய காட்சி போராடிப் பெற்றது. காசு கொடுத்தால் யாருக்கும் இலை போடும் பொது உணவகத்தை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். வீட்டு உபசாரம் எவ்வளவு இனித்தாலும் அது ஆள் பார்க்கும். கடை ஆள் பார்க்கக் கூடாது.

வெளியே போய்வருவதில் யாழ்ப்பாணத்துக்கு இருக்கும் செல்வம் கும்பகோணத்துக்கு இல்லை. கடல் இருக்கிறது. பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு என்று இரு பக்கமும் ஆழமில்லாத நீர் விரிய ஒரு மணி நேரம் போனால் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் இருபது நிமிடத்தில் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரே படகில் சேலை கட்டிய தமிழ்ப் பாட்டியும் வெள்ளை உடுத்த சிங்கள உபாசகியும் வருவார்கள். அம்மன் கோயிலின் அமுதசுரபி மண்டபத்தில் வந்தவர் எல்லாருக்கும் சோறு உண்டு. மணிமேகலையின் மணிபல்லவம் இதுவே என்று நம்பும் தீவில் அந்தப் பெயரை வைத்துச் சோறு போடுவது அழகு. தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதியிலும் ஆச்சிரமத்தில் நாள்தோறும் அன்னதானம் நடக்கிறது. ஆகவே பொதுவில் சோறு போடத் தெரியாத ஊர் என்று யாழ்ப்பாணத்தை யாரும் சொல்ல முடியாது. கோயில் வாசல்வரை அந்தப் பொதுமை இருக்கிறது, கடைத்தெருவுக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நெடுந்தீவுக்கு இன்னும் தூரம், ஒரு மணி நேரக் கடல். பவளக் கல்லை அடுக்கிய வேலிகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துக் கட்டட இடிபாடு, வெட்டவெளியில் மேயும் கட்டைக் குதிரைகள். பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் திரும்பும் படகு எப்போது என்று தெரியாமல் போனால் அங்கேயே இரவு தங்க நேரும், தங்குமிடம் சொற்பம். பேருந்து வந்து சேரும் நேரத்தையும் படகு புறப்படும் நேரத்தையும் பயணிதான் பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் வசதி உள்ளவர்கள் வேன் பிடிக்கிறார்கள், மற்றவர்கள் கோட்டையையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். நவக்கிரகப் பேருந்தைப் போல, குறிகட்டுவான் படகோடு சேர்த்து ஒரே சீட்டில் ஒரு தீவுப் பயணம் வந்தால் இந்த ஊரின் முகமே மாறும்.

திருவிழாவுக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. நல்லூர் கந்தசுவாமி கோயில் ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடியேறும். பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். சொன்ன நேரத்துக்கு மணி அடிக்கும். அதிகாரி வரவில்லை என்று பூசை நிற்காது. சுற்றுவீதிகளில் வாகனம் நிறுத்தப்பட்டு, வெள்ளை மணல் பரப்பப்படும். வெறுங்காலோடு அந்த மணலில் நடந்து போவதே ஒரு வழிபாடு. ஆண்கள் யாராயினும் மேற்சட்டை கழற்ற வேண்டும், நாட்டின் தலைவரானாலும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். டொரன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர், கிளிநொச்சியிலிருந்து பேருந்தில் வந்தவர் எல்லாரும் ஒரே கூட்டத்தில் நின்று ‘அரோகரா’ சொல்கிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றும் இளைஞர்கள் குடிப்பவரின் ஊரைக் கேட்பதில்லை. வீட்டில் கேட்கும் யாழ்ப்பாணம் நல்லூர் வீதியில் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறது.

கும்பகோணத்தின் மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஆறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட குளம், சுற்றிலும் கோவிந்த தீட்சிதர் எடுப்பித்த 16 மண்டபங்கள், உள்ளே 20 தீர்த்தக் கிணறுகள். இலட்சோபலட்சம் பேர் வருவார்கள். 1992இல், முதலமைச்சர் நீராட வந்த வேளையில் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். அதிலிருந்து பாடம் கற்று 2004இலும் 2016இலும் ஏற்பாடுகளை மிகக் கவனமாகச் செய்தார்கள்; மாசி மகத்தன்று மட்டும் என்றில்லாமல் விழாவின் பத்து நாளும் நீராடலாம் என்று கூட்டத்தைப் பரப்பினார்கள். அந்த நிர்வாகத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் சாதாரண நாளில் தமிழகத்தின் பெரிய கோயில்களில் நிற்கும் சிறப்புக் கட்டண வரிசை என் நெஞ்சை உறுத்துகிறது. காசு கொடுத்தவர் முன்னால் போகலாம் என்றால், சத்திரம் கட்டியவர்கள் நினைத்த அறம் எங்கே போயிற்று? இதில் கும்பகோணத்தார் நல்லூரிடம் கற்க வேண்டும். தேர் நாட்களில்கூட மோட்டார் சைக்கிள் ஒலிப்பான்களுக்கு நடுவில் சாமி வரும் சன்னதித் தெருக்களுக்கு நல்லூரின் மணல் வீதி ஒரு முன்மாதிரி.

மற்ற கலை நிகழ்ச்சிகளில் இரண்டு பக்கமும் செல்வந்தர்கள்தாம். ஜனவரி வாக்கில் வரும் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவதைக் காவிரிக் கரையில் உட்கார்ந்து கேட்கக் கட்டணம் இல்லை. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளா, ஆண்களே பெண் வேடம் கட்டி இரவு முழுக்க நடக்கும். யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா. விமானமும் கப்பலும் நாகமும் வானத்தில் போகும், ஊரே மணலில் நிற்கும். வட்டுக்கோட்டையின் நாட்டுக்கூத்து, சவாரித் திடல்களில் மாட்டுவண்டிச் சவாரி, 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் தவக்காலத்தில் மேடையேற்றும் திருப்பாடுகளின் நாடகம். இவற்றின் நாளும் நேரமும் ஊருக்குள் வாய்வழியாகப் பரவுகின்றன. கும்பகோணத்தில் சுவரொட்டியாவது உண்டு. இந்தியாவின் நிதியில் எழுந்து, 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்ட யாழ்ப்பாணத்துக் கலாசார மண்டபம், ஒவ்வொரு மாதமும் குடாநாட்டில் எங்கெங்கே என்ன நிகழ்ச்சி என்று மூன்று மொழியிலும் ஒரு பட்டியல் தொங்கவிட்டால், அந்தக் கட்டடம் தன் பெயருக்கு நியாயம் செய்ததாகும்.

இரு நாட்டாரும் ஒன்றாகக் கூடும் விழாவும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் கச்சதீவில் புனித அந்தோனியார் திருவிழா. இராமேசுவரத்துப் படகுகளும் யாழ்ப்பாணத்துப் படகுகளும் வந்து சேர்கின்றன. 1974 ஒப்பந்தம் இந்திய யாத்திரிகர்களுக்கு விசா இல்லாமல் அங்கே வர இடம் தந்திருக்கிறது. குடியிருப்பே இல்லாத தீவில் இரண்டு நாள் ஆயிரக்கணக்கானோருக்குத் தண்ணீரும் சாப்பாடும் ஏற்பாடாகிறது. கடலில் வலைக்காகச் சண்டையிட்டவர்களே அங்கே சிலுவைப் பாதையில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிற்று. கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் பேருந்தில் இரண்டு மணி நேரத் தூரம்தான். காலையில் டிகிரி காபி குடித்தவர் இரவில் பிட்டுச் சாப்பிட முடியும். ஆகவே என் வேண்டுகோள்கள் சில. யாழ்ப்பாண மாநகர சபை நல்லூர்க் காலம் முடிந்த பின் மாதத்தில் ஒரு நாளாவது, பண்ணைக் கடற்கரையிலோ கோட்டை முற்றவெளியிலோ, பெண்கள் குழுக்களைக் கொண்டு பொதுக் கூழ் காய்ச்ச வேண்டும். காசு வைத்தவர் எவரும் பிலாவிலையோடு உட்கார வேண்டும். குறிகட்டுவானில் படகு நேரம் எழுதிய பலகை பெரிதாக நிற்க வேண்டும். கும்பகோணம் மாநகராட்சி 2028இல் வரும் மகாமகத்துக்கு முன் குளத்தைச் சுற்றிய தெருக்களையும் சன்னதிகளையும் திருவிழா நாட்களிலாவது நடப்பவருக்கே விட வேண்டும். அந்த மகாமகத்தில் சிறப்பு வரிசை எவருக்கும் கூடாது.

போகிறவர்களுக்கு: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல் நிற்கும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். நல்லூருக்கு ஆண்கள் வேட்டி எடுத்துப் போங்கள். நெடுந்தீவுக்குப் போனால் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொண்ட பிறகு தீவுக்குள் நடங்கள். கும்பகோணத்துக்குச் சனிக்கிழமை இரவே போய்ச் சேர்ந்தால் ஞாயிறு காலையில் கடப்பா கிடைக்கும்.